‘வக்கீல் வகை 2,85,000’: எங்கள் பெரிய வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெரிய வீட்டுப் பொதுக்காரியம் பார்க்கும் பங்காளிகளுக்கு,

தை மாதம் முன்னோருக்குப் படைக்கும் படைப்பு முடிந்த மறுநாள் வருடக் கணக்கைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். நாலு பக்கம். அது எனக்கும் வந்தது. என் நம்பருக்கு இல்லை, என் அப்பாவான அப்பச்சியின் நம்பருக்கு. அப்பச்சி காலமாகி ஆறு வருடம் ஆகிறது. அந்தப் போன் என்னிடம்தான் இருக்கிறது, மாதா மாதம் ரீசார்ஜ் செய்து வைத்திருக்கிறேன். நீங்களும் அந்த நம்பரைக் குழுவிலிருந்து எடுக்கவில்லை, நானும் வெளியே வரவில்லை.

கணக்கை வரிவரியாகப் படித்தேன். தேங்காய் 11, ரூ. 385. ஒட்டடை அடித்த கூலி 2 ஆள், ரூ. 1,600. பட்டாலை (பெரிய கூடம்) மின்விசிறி ரிப்பேர், ரூ. 450. முகப்பு நிலைக்கதவுக்கு எண்ணெய் போட்டதில் எண்ணெய் தனி, கூலி தனி. கற்பூரத்துக்குக் கூட ஒரு வரி இருந்தது. மூன்றாம் பக்கத்தின் நடுவில் இப்படி ஒரு வரி: “வக்கீல் வகை 2,85,000.” யாருக்கு, எந்தத் தேதியில், எந்த வேலைக்கு, ரசீது உண்டா, எதுவும் இல்லை. கற்பூரம் எத்தனை டப்பா என்று தெரிகிறது. கிட்டத்தட்ட மூன்று லட்சம் எப்படிப் போனது என்று தெரியவில்லை.

அந்த வழக்கு நான் போட்ட வழக்கு. நான் வாதி, நீங்கள் பிரதிவாதிகள். அப்பச்சியின் பங்கை எனக்குப் பிரித்துத் தரச் சொல்லித் தேவகோட்டை கோர்ட்டில் நான்கு வருடமாக நடக்கிறது. இதுவரை 41 வாய்தா.

சரி, செலவு செய்திருக்கிறீர்கள், கேட்டுக்கொள்ளலாம் என்று நாலாம் பக்கத்துக்குப் போனேன். “மேற்படி வழக்கின் மேல்செலவுக்குப் புள்ளிக்கு ரூ. 15,000 வசூலிப்பது” என்று தீர்மானம். புள்ளி என்றால் வரிக் கணக்கில் ஒரு குடும்பம். கீழே 18 புள்ளிகளின் பெயர். பதின்மூன்றாவது பெயர் அப்பச்சியுடையது. நேரே, “பாக்கி 15,000.”

நீங்கள் கோர்ட்டில் தாக்கல் செய்த பதிலுரை என்னிடம் இருக்கிறது. அப்பச்சி ஆண் வாரிசு இல்லாமலும் பிள்ளை கூட்டிக்கொள்ளாமலும் (தத்தெடுக்காமலும்) காலமானதால் அவருடைய புள்ளி நின்றுவிட்டது, மகள் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போனவள், அவளுக்கு இந்த வளவில், அதாவது இந்தப் பெரிய வீட்டில், பாத்தியம் இல்லை என்று அதில் சொல்லியிருக்கிறீர்கள். கோர்ட்டில் நின்றுபோன புள்ளி, வரி கேட்கும் இடத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. அதுவும் எதற்கு வரி? அந்தப் புள்ளி இல்லை என்று வாதாடும் வக்கீலுக்கு ஃபீஸ் கொடுக்க.

இதற்குப் பதிலைக் குழுவிலேயே எழுதியிருக்கலாம். அப்பச்சியின் நம்பரிலிருந்து பதில் போனால் வயதானவர்கள் யாராவது திடுக்கிட்டுப் போவார்கள் என்றுதான் எழுதவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. இது நம் வீட்டுக் கதை மட்டும் இல்லை. காரைக்குடியைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டுக்கும் கோர்ட்டில் கிடக்கும் ஒரு வழக்குக் கட்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது. அந்தக் கட்டுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று எங்குமே யாரும் கேட்பதில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பாத்தியம் யாருக்கு என்று இங்கே வாதாட நான் வரவில்லை. 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் மகள் முதல் வகுப்பு வாரிசு. அம்மாவான ஆத்தா முன்பே போய்விட்டார்கள், கூடப் பிறந்தவர்கள் இல்லை, அதனால் நான் ஒருத்திதான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்ற 2005 திருத்தமும் 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் எனக்குக் கூடுதல் பலம், அவ்வளவுதான். இதில் நான் சொல்வது சரியா நீங்கள் சொல்வது சரியா என்பதை நீதிபதி சொல்லட்டும். என் கேள்வி வேறு. தீர்ப்பு வருகிற வரைக்கும் உங்கள் பக்கத்து வக்கீலுக்கு யார் பணம் கொடுப்பது?

வளவுப் பொதுக் கணக்கில் இருப்பது யாருடைய பணம்? போன வருடம் சினிமா ஷூட்டிங்குக்கு ஒன்பது நாள் வீட்டை விட்டதில் 3,60,000 வந்ததாக முதல் பக்கத்தில் இருக்கிறது. வீடு நாலு வகையறாவுக்குச் சொந்தம். எங்கள் வகையறாவில் அப்பச்சி மூன்று பேரில் ஒருவர். ஆக, பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்த வாடகையில் 30,000 அப்பச்சியின் பங்குக்குச் சேர வேண்டியது. அது எனக்கு வரவில்லை, நான் கேட்கவும் இல்லை, வழக்கு முடியட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது பார்த்தால், அதே கணக்கிலிருந்து வக்கீலுக்குப் போன 2,85,000த்தில் பன்னிரண்டில் ஒரு பங்கான 23,750 அந்தப் பங்கிலிருந்துதான் போயிருக்கிறது. வழக்கில் நான் ஜெயித்தால் அது முழுக்க என் பணம். தோற்றால்தான் உங்கள் பணம். முடிவு தெரியாதபோதே எடுத்துச் செலவழித்துவிட்டீர்கள்.

பொதுப் பணத்தில் வழக்கு நடத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1996ல் பின்கட்டுக்குப் பின்னால் இருக்கும் காலியிடத்தில் வெளியாள் ஒருவர் வேலியைத் தள்ளிப் போட்டது உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வழக்குக்குப் புள்ளி வரி போட்டார்கள், எல்லோரும் கொடுத்தார்கள், கொடுக்கத்தான் வேண்டும். அது எல்லோருடைய மண். அதன் மேல்முறையீடு சென்னை வரைக்கும் போனது. மதுரைக் கிளை 2004 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன் ஹைகோர்ட் என்றால் ராத்திரி ரயிலேறிச் சென்னைக்குத்தான் போக வேண்டும். போய்வந்தது அப்பச்சிதான்.

அந்த வழக்கின் சிட்டை என் பீரோவில் இருக்கிறது. நீள வாக்கில் மடித்துத் தைத்த நோட்டு, ஓரமெல்லாம் பழுப்பு ஏறிவிட்டது. ஒரு நாள் கணக்கை அப்படியே எடுத்து எழுதுகிறேன்: “வக்கீல் அவர்களுக்கு முன்பணம் 3,000, ரசீது உண்டு. குமாஸ்தா 50. நகல் மனு ஸ்டாம்பு 14. பஸ் போக வர 9. காபி இரண்டுக்கு 5, சொந்தப் பற்று.”

வக்கீல் குமாஸ்தாவைக் கூட்டிக்கொண்டு போய்க் குடித்த காபி அது. வளவுக் காரியமாகப் போன இடத்தில் குடித்ததுதான். ஆனாலும் அதைப் பொதுவில் எழுத அவருக்கு மனம் வரவில்லை, சொந்தப் பற்றில் எழுதினார். அப்பச்சியின் அப்பாவான ஐயா ரங்கூனில் அடுத்தாளாக (கடை உதவியாளாக) இருந்தபோது மூன்று வருடக் கணக்கை ஐந்தொகை போட்டு ஊருக்கு அனுப்பியவர். அந்தப் பழக்கம் அப்பச்சிக்கு வந்தது. உங்களுக்கும் வந்திருக்க வேண்டியதுதான், உங்களுக்கும் அவர் ஐயாதான்.

1996ல் வெளியே இருந்து வந்தவரைத் தடுக்க எல்லோரும் காசு போட்டோம். இப்போது நடப்பது பங்காளிக்குள் பங்கு யாருக்கு என்ற வழக்கு. இதில் பதினேழு புள்ளி ஒரு பக்கம், ஒரு புள்ளி ஒரு பக்கம். பொதுப் பெட்டியின் சாவி உங்கள் கையில் இருக்கிறது என்பதற்காக அந்தப் பெட்டி உங்கள் பக்கத்துப் பெட்டி ஆகிவிடாது.

வக்கீல் ஃபீஸ் என்பது எப்படி ஏறுகிறது என்பதை இந்த நான்கு வருடத்தில் நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதைக் கொஞ்சம் சொன்னால்தான் நான் ஏன் ரசீது கேட்கிறேன் என்பது புரியும்.

நான் முதலில் பிடித்த வக்கீல் வக்காலத்து போடும் அன்று 10,000 வாங்கினார். பிராது தயாரிக்க 15,000. டைப்பிங், ஜெராக்ஸ் தனி. கோர்ட் கட்டணம் தனி. சம்மன் அனுப்பும் கட்டணமான பேட்டா தனி. வீட்டைப் பார்வையிட ஆணையர் வந்தபோது கோர்ட் நிர்ணயித்த கட்டணம், அவருக்கு வண்டி, உதவியாளுக்குப் படி. அப்புறம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் 500. நான் போகாத வாய்தாவுக்கும், நீதிபதி லீவில் இருந்த வாய்தாவுக்கும்கூட. கூகுள் பே வந்த பிறகு குமாஸ்தாவுக்கு வேலை சுலபமாகிவிட்டது, “ஆச்சி, நாளைக்கு வாய்தா” என்று மட்டும் மெசேஜ் வரும், அதற்கு அர்த்தம் 500. இரண்டு வருடத்தில் 74,000 கொடுத்தேன். கையில் இருந்த துண்டுச்சீட்டு இரண்டு.

அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவருக்கும் ஆபீஸ் வாடகை உண்டு, ஜூனியருக்குக் கொடுக்க வேண்டும், காலை பத்து மணியிலிருந்து நாலு கோர்ட்டுக்கு ஓட வேண்டும். குறைவாக வாங்குகிறவர் நல்ல வக்கீல் என்ற கணக்கும் தப்பு, அதையும் பார்த்துவிட்டேன். இவ்வளவுதான் ஃபீஸ் என்று வக்கீலைக் கட்டிப்போடும் சட்டம் கிடையாது. அவருடைய அனுபவத்துக்கும் வழக்கின் தன்மைக்கும் தக்கபடி வாங்கலாம் என்றுதான் வக்கீல்களை நெறிப்படுத்தும் பார் கவுன்சிலின் விதி சொல்கிறது. ஆனால் வாங்கியதற்குக் கணக்கு வைக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. கட்சிக்காரரிடம் வாங்கும் பணம் ஃபீஸுக்கா செலவுக்கா என்று குறிக்க வேண்டும். செலவுக்கு என்று வாங்கியதை, கட்சிக்காரர் எழுத்தில் சம்மதிக்காமல் வழக்கு நடக்கும்போது ஃபீஸில் சேர்த்துக்கொள்ளக் கூடாது. கணக்கின் நகலைக் கேட்டால் தர வேண்டும், நகல் எடுக்கும் செலவுதான் நம்முடையது. நான் அப்போது கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தெரியாது.

மூன்றாவது வருடம் அவரே ஒரு வழி சொன்னார். “இனிமேல் நீங்கள் ஒன்றும் தர வேண்டாம் ஆச்சி. பங்கு கைக்கு வந்ததும் நூற்றுக்குப் பத்து கொடுத்துவிடுங்கள்.” எனக்கு மனசு குளிர்ந்துபோனது. ஜெயித்தால்தானே கொடுக்கப்போகிறோம் என்று நினைத்தேன். அமெரிக்காவில் இருக்கும் தம்பி முறைக்காரனிடம் சொன்னபோது அவனும் அங்கே விபத்து வழக்கெல்லாம் அப்படித்தான், பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கை வக்கீல் எடுத்துக்கொள்வார், தோற்றால் ஃபீஸ் கிடையாது என்றான். பக்கத்துத் தெருவில் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். அவர்தான் தலையில் அடித்துக்கொண்டார். அமெரிக்காவில் நடப்பது இங்கே செல்லாது. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதும், கிடைக்கும் சொத்தில் பங்கு கேட்பதும் இந்தியாவில் வக்கீல்களுக்குத் தடை. பார் கவுன்சில் நடத்தை விதிகளில் 20ஆவது விதி. விபத்தில் கணவனை இழந்த தெலங்கானா பெண் ஒருவரிடம் நஷ்டஈட்டில் சதவீதம் கேட்டு, காசோலை வாங்கி, அது திரும்பியதும் வழக்கும் போட்ட வக்கீலின் விஷயம் 2017ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தக் காசோலை வழக்கையே ரத்து செய்துவிட்டார்கள்.

வக்கீலை மாற்றினேன். பாக்கி 20,000 கொடுத்தால்தான் கட்டைத் தருவேன் என்றார். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000ஆம் வருடமே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தலைமை எழுத்தர் அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், கொண்டுபோய்க் காட்டினேன், கட்டு வந்தது. ஒரு பிரதி மட்டும் காணோம். அதற்குத் தனியாக நகல் மனு போட்டேன்.

இப்போது என் வக்கீலுக்கு நான் ஒரு பைசா கொடுப்பதில்லை. உங்களில் பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும், சிலருக்குக் கேவலமாகவும் இருக்கலாம். 1987ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆவது பிரிவு. ஒரு பெண், பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இல்லாமல் இலவசச் சட்ட உதவிக்குத் தகுதியானவள். வட்ட சட்டப்பணிகள் குழுவுக்குப் போவதற்கு மூன்று தடவை கிளம்பித் திரும்பினேன். செட்டியார் வீட்டு ஆச்சி இலவச வக்கீல் கேட்டுப் போய் நிற்பதா என்று கூச்சம். நாலாவது தடவை போனபோது ஒரு மனுவை நீட்டினார்கள். வைரத்தோட்டை கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தேன், யாரும் காதைப் பார்க்கவில்லை. எந்த வகையில் தகுதி என்ற இடத்தில் “பெண்” என்று எழுதினேன். அவ்வளவுதான். பட்டியலில் இருந்த வக்கீல் ஒருவரைப் போட்டுக் கொடுத்தார்கள். என் மகள் வயது இருக்கும். ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது என்று சாயங்காலம் போன் செய்து சொல்கிறாள். இந்த மடலைப் படிக்கும் வேறு வீட்டு ஆச்சிமார்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் போதும், வழி சொல்வார்கள். கோர்ட் கட்டணமும் பேட்டாவும்கூட அந்த உதவியில் அடங்கும். நான்தான் எல்லாம் கட்டிய பிறகு போனேன்.

ஆக, எனக்காகப் பேசும் வக்கீலுக்கு அரசாங்கம் பணம் தருகிறது. எனக்கு எதிராகப் பேசும் வக்கீலுக்கு என் பணமும் சேர்ந்து போகிறது. இதை எங்கே போய்ச் சொல்வது?

கூட்டத்தில் சித்தப்பா ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்: “இப்போது பொதுவிலிருந்து போட்டு வைப்போம், ஜெயித்ததும் அவளிடமே செலவுத்தொகை வாங்கிக் கட்டிவிடலாம்.” சித்தப்பா, அது நடக்காது. தோற்றவர் ஜெயித்தவருக்குச் செலவுத்தொகை தர வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் 35ஆவது பிரிவு சொல்வது உண்மைதான், அமெரிக்காவில் பெரும்பாலும் வக்கீல் ஃபீஸ் அப்படிக்கூடக் கிடைக்காது என்று தம்பி சொன்னான். ஆனால் கோர்ட் கணக்கில் ஏறும் வக்கீல் ஃபீஸ், நீங்கள் கையில் கொடுத்த ஃபீஸ் இல்லை. வழக்கின் மதிப்பை வைத்து விதிப்படி கணக்கிடும் ஒரு தொகை. கொடுத்ததோடு அதை ஒப்பிட்டால் சிரிப்பு வரும். பொய் வழக்கு என்று நிரூபித்தாலும் 35-ஏ பிரிவில் கிடைக்கும் நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு 3,000 ரூபாய். அதற்கும் மேல், பாகப்பிரிவினை வழக்கில் பெரும்பாலும் அவரவர் செலவு அவரவருக்கு என்றுதான் தீர்ப்பு முடியும். நான் ஜெயித்தாலும் என் 74,000 திரும்பி வராது, நீங்கள் ஜெயித்தாலும் உங்கள் 2,85,000 திரும்பி வராது. பொதுக் கணக்கில் போனது போனதுதான்.

இன்னொரு பேச்சும் காதில் விழுந்தது. வழக்கு ஜெயித்தால் பின்கட்டுக் காலியிடத்தில் ஒரு மனையை வக்கீலுக்கு ஃபீஸாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று யாரோ சொன்னார்களாம். பேச்சு வாக்கில் சொன்னதாகவே இருக்கட்டும். மேலே சொன்ன 20ஆவது விதியில் அதுவும் மாட்டும். அப்படி எழுதிக் கொடுத்தால் உங்கள் வக்கீலுக்குத்தான் முதலில் ஆபத்து, அவரே ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். அப்புறம், 1996ல் வேலியை மீட்க அப்பச்சி ராத்திரி ரயிலேறிய அதே இடம் அது.

நீங்கள் கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லையென்றால் நாளைக்கு உங்களுக்கும்தான் கஷ்டம். வக்கீலின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஃபீஸில் தகராறு வந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. நடத்தைக் கேடு என்றால் மாநில பார் கவுன்சிலுக்குப் போகலாம், அங்கே முதலில் கேட்பது காகிதம். “வக்கீல் வகை” என்ற இரண்டு வார்த்தையை எடுத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது.

கோர்ட் கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டு அனுபவத்தில் இருக்கும் பங்காளி பாகம் கேட்டால் சிறிய நிலையான கட்டணம் போதும். அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் கேட்டால் தன் பங்கின் சந்தை மதிப்பில் நூற்றுக்கு 3 கட்ட வேண்டும். 2017க்கு முன்பு அது நூற்றுக்கு ஏழரையாக இருந்தது. பங்கின் மதிப்பு 20 லட்சம் என்றால் இன்றைக்கு 60,000, அன்றைக்கு ஒன்றரை லட்சம். என்னை அனுபவத்தில் இல்லாதவள் என்று நீங்கள் எடுத்த ஆட்சேபணை ஏற்கப்பட்டு நான் மேல்கட்டணம் கட்டினேன். அப்பச்சியின் அறைக்கு நீங்கள் வேறு பூட்டு போட்டதால்தானே நான் அனுபவத்தில் இல்லை? உள்ளே அப்பத்தாவின் பித்தளை அண்டாவும் ஆத்தாவின் சீர்ப் பெட்டியும் இருக்கின்றன. படைப்பன்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தேன். அண்டாவுக்குள் யாரோ பழைய மின்விசிறியின் இறக்கைகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். 450 ரூபாய்க்கு ரிப்பேர் செய்ததில் மிச்சப்பட்டது போலிருக்கிறது.

நான் உங்களிடம் கேட்பது இவைதான்.

இன்றிலிருந்து இந்த வழக்குக்கு வளவுப் பொதுக் கணக்கிலிருந்து ஒரு ரூபாயும் போகக் கூடாது. வழக்கை நடத்த விரும்பும் புள்ளிகள் தங்களுக்குள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, சொந்தக் கையிலிருந்து போட்டு நடத்துங்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அது உங்கள் உரிமை. சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் புள்ளிகளைக் கேளுங்கள். எத்தனை பேர் சொந்தக் காசு போட்டு என்னோடு வழக்காட விரும்புகிறார்கள் என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

ஏற்கனவே போன 2,85,000த்தை, செலவழிக்கத் தீர்மானித்தவர்கள் வரும் ஆடிக்குள் பொதுக் கணக்கில் திரும்பக் கட்ட வேண்டும். முடியாது என்றால் அப்பச்சியின் பங்குக்கான 23,750ஐயாவது கணக்கில் தனியாக ஒதுக்கி, வழக்கு முடிகிற வரைக்கும் தொடாமல் வையுங்கள். ஷூட்டிங் வாடகையில் சேர வேண்டிய 30,000த்தையும் அப்படியே.

உங்கள் வக்கீலிடம் முழுக் கணக்கின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு, ஃபீஸ் எவ்வளவு, செலவு எவ்வளவு. அதைத் தேங்காய்க் கணக்குப் போட்ட அதே குழுவில் போடுங்கள். இனி ஆகும் ஃபீஸையும், எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு, மேல்முறையீடு வந்தால் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலியிடத்து மனைப் பேச்சு வெறும் பேச்சுதான் என்று ஒரு வரி தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

அடுத்து வரும் லோக் அதாலத்தில் இந்த வழக்கை எடுத்துக்கொள்ள நான் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டேன், நீங்களும் கொடுங்கள். அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பி வரும். வெளியே நாமாகவே பேசி முடித்துக்கொண்டு கோர்ட்டில் சொன்னாலும் திருப்பித் தர வேண்டும் என்று 2021ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பேசுவதற்கு வக்கீல் வேண்டாம் என்றால் பட்டாலையில் உட்கார்ந்து பேசலாம், நான் வருகிறேன். வீட்டை விற்றுப் பிரிக்க நான் ஒருநாளும் கேட்கவில்லை. என் பிராதைப் படித்தவர்களுக்கு அது தெரியும். அப்பச்சியின் அறைச் சாவியும் படைப்பில் எனக்கு ஓர் இடமும், கணக்கில் என் பங்கும் போதும்.

கடைசியாக, அப்பச்சியின் பெயருக்கு நேராக எழுதியிருக்கும் 15,000 பாக்கியை அடித்துவிடுங்கள். அடிக்க மனமில்லை என்றால் அந்தப் பதின்மூன்றாவது பெயரை என் பெயராக மாற்றி எழுதுங்கள். அன்றைக்கே கொண்டுவந்து கட்டிவிடுகிறேன், ரசீது போட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதின்மூன்றாவது புள்ளியின் மகள்